சரோஜாவோடு பெருந்துறை வரை

ஜெனிக்கும் டேனிக்கும் அப்பா எழுதுவது. நான் வெளியூரில் இருந்த நாட்களில் சாயங்காலமானால் உங்கள் போன் வந்துவிடும். "எங்கீங்கப்பா இருக்கறீங்க, என்ன சாப்பிட்டீங்க, கம்ப்யூட்டர் ஆளுங்களப் பாத்தீங்களா" என்று ஒரே மூச்சில் கேட்பீர்கள். நான் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விடும். அதனால் உட்கார்ந்து எழுதிவிட்டேன். நான் பத்தாவது வரை படித்தவன். பிழை இருந்தால் ஜெனி திருத்தலாம். ஆனால் யாராவது சொன்னதாக நான் எழுதியிருக்கும் இடத்தில் கை வைக்கக் கூடாது.

என் தொழிலில் அதுதான் முதல் பாடம். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு, வரும் பதிலை டேப்லெட்டில் குறிப்பவன் நான். எந்த சோப்பு வாங்குகிறீர்கள், பஸ் வசதி எப்படி, ரேஷன் கடையில் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்று எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பேன். சொன்னதைத்தான் குறிக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எனக்குத் தெரிந்தாலும் நானாகச் சேர்க்கக் கூடாது. அடுத்தவர் வாயில் என் வார்த்தையை வைப்பது திருட்டு மாதிரிதான்.

இப்போது எங்கள் கம்பெனியில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. ஆட்களைக் கேட்பதற்குப் பதிலாகக் கம்ப்யூட்டரைக் கேட்பது. "நீ தறிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண், உனக்கு இத்தனை வயது, இவ்வளவு படிப்பு" என்று சொல்லிவிட்டால், செயற்கை அறிவு அந்தப் பெண்ணாகவே பதில் சொல்கிறது. இப்படி எத்தனை ஆட்களை வேண்டுமானாலும் உண்டாக்கலாம். டேனி, நீ கேட்டாயே, அது எப்படி முடியும் என்று. ஜெனி என்னைப் போலவே நடித்துக் காட்டுவாள் இல்லையா? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "போன வெச்சுப்போட்டுப் படிக்கறயா இல்லையா" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இன்று மத்தியானம் அப்பாவுக்கு எந்தப் பல் வலித்தது என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. அந்த மாதிரி.

இந்த ஆட்களை உண்டாக்குவது நந்தினி. சென்னைப் பெண், பெரிய படிப்பு. ஆனாலும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடும்.

நம் கோவையில் ஓர் அறக்கட்டளை ஒரு மருத்துவ வண்டி நடத்துகிறது. டாக்டர், நர்ஸ், மாத்திரை எல்லாம் அதற்குள்ளேயே. உடுமலைப்பேட்டைப் பக்கம் தேங்காய்க் களங்களுக்கும், சென்னிமலைத் தறிக்கூடங்களுக்கும், பெருந்துறைத் தொழிற்பேட்டைக்கும் மத்தியானத்தில் போய் நிற்கும். கொஞ்ச காலமாக அதில் ஏற ஆளில்லை. அங்கே வேலை பார்க்கும் பெண்களுக்கு இந்த வண்டி வேண்டுமா, இல்லை வேறு மாவட்டத்துக்கு அனுப்பிவிடலாமா என்று எங்களிடம் கேட்டார்கள். நந்தினியின் கம்ப்யூட்டர் ஆட்கள், "வண்டி கட்டாயம் வேண்டும், மத்தியானம் வசதிப்படாது, ஞாயிற்றுக்கிழமை காலையில் வரட்டும்" என்றார்கள். அறக்கட்டளை அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "இல்லாதவங்க சொன்னதை நம்பி நான் எப்படி முடிவெடுக்கறது? நெஜ ஆளுங்களைக் கேட்டுட்டு வாங்க. அவங்களும் வேணும்னு சொன்னா வண்டி இருக்கும்" என்றார்.

அப்படித்தான் நானும் நந்தினியும் கிளம்பினோம். கார் ஓட்டியவர் சலீம் பாய். கோட்டைமேட்டுக்காரர், என்னைவிட மூத்தவர். வண்டி ஓட்டினால் வாயும் கூடவே ஓடும்.

உடுமலையில் முதலில் எங்களை வரவேற்றது காற்று. நம் ஊரிலும் காற்றுண்டு, ஆனால் அது சந்துக்குள் திரும்பித் திரும்பி வந்து களைத்துப் போயிருக்கும். இங்கே நேராக வந்து சட்டையைப் பிடிக்கிறது. காலையில் ஒரு சின்ன மெஸ்ஸில் சந்தகை சாப்பிட்டோம். உங்கள் அம்மா எலுமிச்சை போட்டுத் தாளிப்பாளே, அதே சந்தகைதான். இவர்கள் தேங்காய்ப்பாலும் வெல்லமும் ஊற்றித் தருகிறார்கள். தேங்காய்க்கு நடுவில் இருப்பவர்கள் அளந்து ஊற்றுவதில்லை. நந்தினி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "இதை எங்க ஊர்ல இடியாப்பம்னு சொல்லுவோம்" என்றது. பரிமாறிய அக்கா, "உங்கூர்ல என்ன வேணாச் சொல்லிக்கங்க அம்மணி, இங்க தின்னா சந்தகைதான்" என்று இன்னொரு கரண்டி பால் விட்டார்.

களத்தில் கண்ணுக்கு எட்டிய மட்டும் கொப்பரை காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் உட்கார்ந்து தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மயிலாத்தா என்ற அம்மாவிடம் முதலில் போனேன்.

"வாங்க, ஒக்காருங்க. எளநி வெட்டச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாமுங்க. ரெண்டு கேள்வி கேக்கோணும்."

"எளநியக் குடிச்சுப்போட்டுக் கேளுங்க. கேள்வி எங்க ஓடியா போயிரும்?"

குடித்தேன். பிறகு கேட்டேன். "ஒடம்புக்கு முடியலைன்னா டாக்டர்கிட்டப் போறதுல சிரமம் இருக்குதுங்களா?"

"அதெல்லாம் பரவால்லீங்க."

"இங்க வண்டி வருதுங்களே, அது உங்களுக்கு வேணுமுங்களா?"

"வந்தா வரட்டுமுங்க, பாவம்."

"நீங்க எப்பவாச்சும் போனீங்களா?"

"போலாமுங்க."

அவர் எழுந்து முறத்தை எடுக்கப் போனபோது ஒரு காலைத் தரையில் முழுதாக ஊன்றவில்லை. பாதத்தில் பழைய துணி சுற்றியிருந்தது. "கால்ல என்னங்க?" என்றேன். "மட்டை குத்திப்போட்டுதுங்க. அது கெடக்குது. உங்களுக்கு இன்னொரு எளநி?"

என் டேப்லெட்டில் மூன்று பதில்கள்தான் உண்டு. சிரமம் அதிகம், ஓரளவு சிரமம், சிரமம் இல்லை. "பரவால்லீங்க" என்று சொன்னவரை எதில் சேர்ப்பது? சிரமம் இல்லை என்று குறித்தேன். அந்தக் களத்திலும் பக்கத்துக் களத்திலும் கேட்ட எல்லோரும் அதையே சொன்னார்கள். எல்லோருக்கும் அதையே குறித்தேன். ஒவ்வொன்றாகக் குறிக்கக் குறிக்க, அந்த வண்டியை நானே தள்ளிக்கொண்டு போய் வேறு மாவட்டத்தில் விடுவது போல இருந்தது.

காரில் நந்தினி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தது. "என் ஆளுங்கதான் தப்பு போலண்ணா. நேர்ல ஒருத்தர்கூடக் கஷ்டம்னு சொல்லலையே."

"அந்தம்மா நொண்டுச்சே, அதுவும் சிரமமில்லையா?" என்றார் சலீம் பாய்.

"அது பதில்ல வரலையே பாய்."

"பதில்ல வராட்டி என்ன, கால்ல வந்துச்சே."

அவர் சொன்னது சரி. ஆனால் காலைக் குறிக்க டேப்லெட்டில் இடமில்லை. நாமே பார்த்து முடிவு செய்வதென்றால் எதற்கு ஆளைக் கேட்க வேண்டும்?

மறுநாள் தாராபுரம் தாண்டிச் சென்னிமலைக்குப் போகும் வழியில், காங்கேயத்துக்குக் கொஞ்சம் முன்னால் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கினால் அதிலும் காற்றில்லை. சலீம் பாய் அதை ஓர் அடி அடித்துவிட்டு, "நேத்து உடுமலையில அத்தன காத்து அடிச்சுது, இதுக்குள்ள ஒரு புடி போகல பாரு" என்றார். அந்த வழியாக மொபெட்டில் வந்த ஒரு பால்காரர், கேனை முன்னால் தள்ளிவைத்து, டயரையும் அவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நம் ஊரில் கார் நின்றால் பின்னால் வருபவர் ஹாரன் அடிப்பார். இங்கே நின்று, "என்னாச்சுங்க" என்கிறார்கள்.

எதிரில் ஒரு பேக்கரி. நானும் நந்தினியும் போய் உட்கார்ந்தோம். டீயும் தேங்காய் பன்னும். சென்னிமலைத் தறிக்கூடத்துக்குப் போகும் பெண்கள் சிலர் அங்கே கம்பெனி வேனுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுடைய கூடத்துக்கும் மருத்துவ வண்டி போகிறது என்று தெரிந்ததும் சும்மா இருப்பானேன் என்று அனுமதி கேட்டு ஆரம்பித்தேன். பூங்கொடி என்ற பெண் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு பதில் சொன்னார்.

"ஒண்ணும் சிரமமில்லீங்க. எல்லாம் பரவால்லீங்க."

சிரமம் இல்லை என்று குறித்தேன்.

அந்த நேரத்தில் நந்தினி பக்கத்து மேசையில் மடிக்கணினியைத் திறந்து எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் ஆட்களின் பதிலைப் படிக்கவும் செய்யலாம், குரலாகக் கேட்கவும் செய்யலாம். எதையோ தட்டப் போய்க் குரல் சத்தமாக வந்துவிட்டது. ஒரு பெண்குரல், செய்தி வாசிப்பது போல.

"எனக்கு மிகவும் சிரமமாக உள்ளது. மருத்துவ வாகனம் வரும் நேரத்தில் நான் வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தால் வசதியாக இருக்கும்."

பூங்கொடி திரும்பிப் பார்த்தார். "ஆருங்க அது, கலெக்டராட்டப் பேசறது?"

நந்தினி அவசரமாக மூடப் போய், பிறகு மூடாமல் விளக்கம் சொன்னது. "இது நெஜமான ஆள் இல்லைங்க. தறிக்கூடத்துல வேலை செய்யறவங்க என்ன சொல்லுவாங்கன்னு கம்ப்யூட்டர் நெனைச்சுப் பேசறது."

"எங்களாட்டவா? ஒரு 'ங்க' கூடப் போட மாட்டேங்கறா."

பக்கத்தில் நின்ற வயதான பெண், "உடு பூங்கொடி. பாவம், நெம்பச் சிரமப்படறாளாட்ட இருக்குது" என்றார்.

"சிரமம் ஆருக்கக்கா இல்லை? பேரென்னுங்க இந்தப் புள்ளைக்கு?"

"பேர் இல்லைங்க, நம்பர்தான்."

"பேரில்லாம எப்படிங்க திட்டறது? சரோஜான்னு வெச்சுக்கறேன். என்ற சின்ன மாமியா பேரு. அவளும் இப்படித்தான் வெடுக்கு வெடுக்குனு பேசுவா." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பூங்கொடி மடிக்கணினியைப் பார்த்தே பேச ஆரம்பித்தார். "ஏம்புள்ள சரோஜா, நீ சொல்றதுல நேரம் செரி. மத்தியானம் வண்டி வந்து நின்னா, தறிய உட்டுப்போட்டு ஆரு எந்திரிச்சுப் போறது? ஆனா ஞாயித்துக்கெழமைங்கறயே, அதுதான் கேக்கச் சகிக்கல. அன்னைக்குத்தான் தொவைக்கோணும், தண்ணி புடிக்கோணும், கறி எடுத்து ஆக்கோணும். இவளுக்கு ஊடு வாசலே இல்லையாட்ட இருக்குது."

"இல்லைங்க," என்றது நந்தினி மெதுவாக.

"அதுவுமில்லாம," என்றார் வயதானவர், "வண்டி நிக்கற எடத்தப் பத்தி இவ ஒண்ணுமே சொல்லலையே. கம்பெனி கேட்டுக்கு முன்னால நிக்குது. ஏறி எறங்குனா மேஸ்திரி பாக்கறாரு. மக்கா நாளு விடிஞ்சா, இந்தப் புள்ளைக்கு என்னமோ சீக்குன்னு பேச்சாயிருது. நெஞ்சு வலின்னாக்கூட ஏற மாட்டாளுக."

நான் கையில் இருந்த டேப்லெட்டைப் பார்த்தேன். பூங்கொடி, சிரமம் இல்லை என்று அப்படியே இருந்தது.

"அம்மணி, சித்த முந்தி பரவால்லீங்கன்னு சொன்னீங்களே?"

அவர் என்னை ஒரு குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "அது என்னையக் கேட்டீங்க. நீங்க வந்ததும் வராததுமா என்ற கஷ்டத்தையெல்லாம் உங்க தலையில எறக்கி வெக்க முடியுங்களா? இது சரோஜாவப் பத்தித்தானுங்க பேசறோம்."

வேன் வந்தது. போகும்போது, "அவளுக்குக் கொஞ்சம் மரியாதை சொல்லிக் குடுங்க" என்று நந்தினியிடம் சொல்லிவிட்டு ஏறினார்.

நந்தினி தேங்காய் பன்னைக் கையில் வைத்துக்கொண்டு வேன் போன பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. "நேர்ல வந்து கஷ்டமான்னு கேட்டா, கஷ்டம்னு சொல்றது மரியாதைக் குறைவா அண்ணா?"

யோசித்துப் பார்த்தேன். யாராவது வாசலில் வந்து "நல்லா இருக்கீங்களா" என்றால் நானும் "இருக்கறனுங்க" என்றுதானே சொல்வேன்? பல் வலித்துக்கொண்டிருந்தாலும் சொல்வேன். அடுத்த வீட்டுக்காரருக்குப் பல் வலி என்றால் அரை மணி நேரம் பேசுவேன். இதை அதனிடம் சொன்னேன்.

டயரோடு சலீம் பாய் வந்து சேர்ந்ததும் நடந்ததைக் கேட்டுவிட்டு, "அப்பச் சரோஜாவையும் கூட்டிக்கிட்டே போலாம். பின் சீட்டு காலியாத்தான் கெடக்குது" என்றார்.

நந்தினிக்கு உடனே சந்தோஷப்பட முடியவில்லை. "நாமளே பதிலைச் சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும் பாய். சரோஜா கஷ்டம்னு சொன்னா, இவங்களும் மரியாதைக்கு ஆமாம்னு சொல்லிடலாம். அறக்கட்டளை அம்மாவுக்கு நான் அதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்?"

சென்னிமலை அடிவாரத்தில் ஒரு வேப்பமர நிழலில் காங்கேயத்தில் பொட்டலம் கட்டி வாங்கிய பிரியாணியைச் சாப்பிட்டுக்கொண்டு இதையே பேசினோம். மலைப்படிகளில் காவடியோடு ஒரு குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. தயிர்ப் பச்சடியைப் பங்கிடும்போது நந்தினியே வழி கண்டுபிடித்தது. இரண்டு சரோஜா. ஒருத்தி சிரமம் என்பாள். இன்னொருத்தி எல்லாம் சுகம், வண்டியே வேண்டாம் என்பாள். ஓர் இடத்தில் ஒருத்தியைத்தான் பேச வைப்பது. மரியாதைக்குத் தலையாட்டுகிறவர்கள் என்றால் இருவருக்குமே தலையாட்டுவார்கள், அதிலேயே தெரிந்துவிடும். இவர்கள் நிஜ ஆட்கள் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுவது. அதில் மட்டும் நான் கறாராக இருந்தேன்.

அன்று பிற்பகல் டீ நேரத்தில் ஒரு தறிக்கூடத்தில் அனுமதி வாங்கி இரண்டாவது சரோஜாவைப் பேச வைத்தோம். "எனக்கு எந்தக் குறையும் இல்லை. மருத்துவ வாகனம் தேவையில்லை" என்றாள். போர்வைகள் அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள்.

"இவ எந்தூருங்க?"

"ஊரில்லைங்க. கம்ப்யூட்டர்."

"அதானே பாத்தேன். முதுகு வலியே இல்லைன்னு ஒருத்தி தறியில ஒக்காந்திருந்தா, அவ மனுசியா இருக்க மாட்டா."

"வண்டி வேண்டான்னு சொல்றதுக்கு இவ ஆருங்க?" என்றார் இன்னொருவர். "இவளுக்கு வேண்டான்னா இவ போகாம இருக்கட்டும்."

நந்தினி என்னைப் பார்த்தது. காலையிலிருந்து அது முதல் தடவையாகச் சிரித்தது. டேப்லெட்டை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவர் சொன்னதையும் அவர் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதினேன்.

பெருந்துறைக்கு மறுநாள் பொழுதோட, சாயங்காலம் வேலை முடியும் நேரம் பார்த்துப் போனோம். தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு டீக்கடையில் நின்றபோது, வெளிமாநிலத்துப் பையன்கள் இருவர் டம்ளரைக் காட்டி ஏதோ பேசிச் சிரித்தார்கள். சலீம் பாய்க்கு இந்தி கொஞ்சம் வரும். "ஒருத்தன் சொல்றான், எங்க அம்மா பாயசத்துக்குக்கூட இவ்வளவு சர்க்கரை போட மாட்டாங்கன்னு. இன்னொருத்தன் சொல்றான், அதனாலதான் நான் மத்தியானச் சாப்பாடே வேண்டாம்னு இதைக் குடிக்கிறேன்னு." பிறகு சலீம் பாயே தன் டம்ளரை நீட்டி, "எனக்கும் அப்படியே போடுங்க" என்றார். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. கேட்டால் பரவால்லீங்க என்பார்.

வரிசை வீடுகள். ஒரே சுவர், ஒவ்வொரு கதவுக்கும் ஒரு குடும்பம். ரேவதி என்ற இளம்பெண் அப்போதுதான் தையல் கம்பெனியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தது. கணவர் லாரியில் போயிருக்கிறார் என்றது. அக்கம்பக்கத்துப் பெண்கள் என்ன விஷயம் என்று கதவோரத்தில் வந்து நின்றார்கள். வழக்கமான கேள்வியை முதலில் கேட்டேன்.

"பரவால்லீங்கண்ணா," என்றது ரேவதி.

பிறகு நந்தினி சரோஜாவைப் பற்றிச் சொன்னது. நிஜ ஆள் இல்லை, கம்ப்யூட்டர் செய்தது, தையல் கம்பெனியில் வேலை செய்பவள் போலப் பேசும் என்றது. இந்த வீட்டுக்கு வந்தது குறை ஒன்றும் இல்லாத சரோஜா. அவள் சொல்லி முடித்ததும் கதவோரத்தில் இருந்தவர்கள், "நல்லாப் பொய் சொல்றா" என்றார்கள். ரேவதி மட்டும் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தது. துடைத்து முடிந்த பிறகும் துடைத்தது.

"அக்கா, அவளை ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"மெசின்ல ஒக்காந்து கொஞ்ச நேரமானா அவளுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருதான்னு கேளுங்க. எந்திரிச்சா செவுத்தப் புடிக்க வேண்டி இருக்குதான்னும் கேளுங்க."

நந்தினியின் விரல் விசைப்பலகைக்குப் போனது. கேட்டால் அவள் பதில் சொல்லியிருப்பாள். ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம், எதைச் சொன்னாலும் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருப்பாள். நந்தினி விரலை எடுத்துக்கொண்டது. மடிக்கணினியை மூடியது.

"அவளுக்குக் கண்ணே இல்லைம்மா. எப்படி இருட்டும்?"

ரேவதி மூடிய மடிக்கணினியையே பார்த்தது. பக்கத்து வீட்டில் குக்கர் கூவி அடங்கியது.

"அப்ப எனக்குன்னு எழுதிக்கோங்கண்ணா," என்றது. "எனக்குத்தானுங்க வருது. நெம்ப நாளா வருது. கம்பெனியில சொன்னா கூலி கம்மியான மெசினுக்கு மாத்தி உட்டுப்போடுவாங்கன்னு சொல்லல. வண்டி கம்பெனி கேட்டுக்கு முன்னால நிக்கறதுனால போகல. இங்க ரேஷன் கடைச் சந்துல, பொழுதோட வந்துதுன்னா நான் போவனுங்க. எனக்கு வண்டி வேணுமுங்க."

எழுதினேன். 'சிரமம் இல்லை' என்று சற்று முன் டேப்லெட்டில் குறித்ததை அழித்துவிட்டு, நோட்டில் அது சொன்னபடியே எழுதினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் பதில் குறித்திருக்கிறேன். 'எனக்கு' என்று ஒருவர் வாயைத் திறந்து சொல்லிக் கேட்டது குறைவு. தலை நிமிர்ந்தால் கதவோரத்தில் நின்றவர்களில் ஒருவர் உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். "என்னதையும் எழுதிக்குங்க" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். சரோஜாவை அதற்குப் பிறகு யாரும் திறக்கச் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் உடுமலைக்கும் ஒரு நடை போய் வந்தோம். சுற்று வழிதான், ஆனால் சலீம் பாய் முணுமுணுக்கவில்லை. மயிலாத்தா சரோஜாவை இரண்டு வாக்கியத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளுக்கும் எளநி கொடுக்க முடியுமா என்று விசாரித்தார். பிறகு தானாகவே கால் துணியை அவிழ்த்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் அவரை அன்றே உடுமலையில் ஒரு மருத்துவரிடம் காரில் கூட்டிக்கொண்டு போனோம். வழியெல்லாம் சரோஜா கல்யாணம் ஆனவளா என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

அறக்கட்டளை அம்மா எல்லாவற்றையும் படித்தார். வண்டி எங்கேயும் போகவில்லை. மத்தியானத்துக்குப் பதில் பொழுதோட, கேட்டுக்குப் பதில் சந்துக்குள், சில மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார். நந்தினி தன் கம்ப்யூட்டர் ஆட்களைத் தூக்கிப் போடவில்லை. "இனிமே இவங்க சொல்றதை முடிவுன்னு எடுத்துட்டுப் போக மாட்டேண்ணா. பேச்சை ஆரம்பிக்கறதுக்கு எடுத்துட்டுப் போவேன்" என்றது. 'அப்பா வேலை போயிருமா' என்று டேனி கேட்டதை அதனிடம் சொன்னேன். "கேள்வி கேக்கறதை விட்டுட்டு உக்காந்து காது குடுத்துக் கேக்கறதுக்கு உங்க மாதிரி ஆள் வேணும்னு எங்க பாஸுக்கு எழுதியிருக்கேன்" என்றது. பார்ப்போம். எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

பெருந்துறையில் வண்டி முதல் தடவையாகப் பொழுதோட வந்த அன்று நானும் போயிருந்தேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ரேஷன் கடைச் சந்தில் வெளிச்சம் இன்னும் இருந்தது. வேலை விட்டு வந்த பெண்கள் டிபன் பையோடு நேராக வந்து நின்றார்கள். ரேவதி என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே ஏறியது. நான் வண்டியின் கதவுக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தேன். "என்னம்மா செய்யுது?" என்று டாக்டரம்மா கேட்டது காதில் விழுந்தது. "எனக்குங்க..." என்று ரேவதி ஆரம்பித்தது.

கேட்பதுதான் என் பிழைப்பு. ஆனால் ரேவதி அங்கே சொல்வது எனக்குச் சொல்வதில்லை, கண்ணுகளா. நான் சந்தின் கடைசி வரை நடந்து போய், அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.